இஷோ, ஸேஸோ, ரேஃபுக்கு: எந்த உடைக்கு எந்தச் சொல்?

கூடல்_வாசகி
ஜப்பானிய அகராதியில் ‘இஷோ’ என்று தேடினால் உடை, ஆடை, நாடக உடை, மணக்கோலம் என்று வரிசையாக வருகிறது. ‘ஸேஸோ’, ‘ரேஸோ’, ‘ரேஃபுக்கு’ மூன்றுக்கும் ஒரே பதில்தான்: முறையான உடை. இதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூட நம்பி எழுத முடியவில்லை.

கேட்க வேண்டியவை: ஆபீஸுக்குப் போட்டுப் போகும் சட்டையை இஷோ எனலாமா? கல்யாணத்துக்கு வரும் விருந்தாளி உடுத்துவது இஷோவா, ஸேஸோவா? பள்ளி ஆண்டுவிழாவில் குழந்தைக்குக் கட்டபொம்மன் வேடம் போட்டால் அதற்கு என்ன சொல்?

இழையில் எல்லோரும் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடலாம். சொல் நடுவில் ‘க்க’, ‘த்த’ வந்தால் வல்லொலி, தனி க, த வந்தால் மெல்லொலி. குறில் நெடிலை எழுதியபடியே வாசிக்கவும்.

எழுத்தாணி
முதல் கேள்விக்கு: கூடாது. ஆபீஸ் சட்டை ‘ஃபுக்கு’. பொதுவாக ஒருவர் எப்படி உடுத்தியிருக்கிறார் என்பது ‘ஃபுக்குஸோ’. இஷோ என்பது ஒரு பாத்திரத்துக்காக, ஒரு நிகழ்வுக்காக, ஒரு மேடைக்காக எடுத்து வைத்த உடை. மணமகள் ஒருநாள் ‘மணமகள்’ என்ற இடத்தில் நிற்கிறாள், அதற்கான உடை ‘ஹனயொமெ-இஷோ’. நடிகருக்கு ‘புத்தை-இஷோ’, அதாவது மேடை உடை. வாடகைக்கு எடுப்பது ‘கஷி-இஷோ’. ஒரு நாட்டின், இனத்தின் மரபு உடை ‘மின்ஸொக்கு-இஷோ’. எல்லாவற்றிலும் உடைக்குப் பின்னால் ஒரு வேலை இருப்பதைக் கவனியுங்கள்.

இலக்கணத்தை வைத்துப் பிரிப்பது இதைவிட எளிது. ஸேஸோ, கஸோ (வேடம் போடுதல்), ஹென்ஸோ (ஆளை மறைக்கும் வேடம்) மூன்றும் ‘ஸுரு’ (செய்) சேர்த்தால் வினையாகும். ‘ஸேஸோ ஸுரு’ என்றால் முறைப்படி உடுத்திக்கொள்வது. ‘இஷோ ஸுரு’ என்று ஒன்று கிடையவே கிடையாது. இஷோ ஒரு பொருள், செயல் அல்ல. அதை அணியலாம் (இஷோ ஒ கிரு), மாட்டிக்கொள்ளலாம் (இஷோ ஒ ட்சுக்கெரு), வாடகைக்கு எடுக்கலாம், உடலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அந்தப் பொருத்திப் பார்த்தலுக்குப் பெயர் ‘இஷோ-அவஸெ’. திரைப்படக் குழுவிலும் மணமண்டபத்திலும் இதே சொல்தான்.

இரண்டாவது கேள்விக்கு: விருந்தாளி ஸேஸோ செய்துகொண்டு வருகிறார். மணமக்கள் மட்டும் இஷோ அணிகிறார்கள். விருந்தாளியின் உடையை இஷோ என்றால், அவர் ஏதோ கலை நிகழ்ச்சி நடத்த வந்தவர் போலத் தொனிக்கும்.

குறிப்பேடு
எழுத்துப் பக்கத்தையும் சொல்லிவிடலாம், சொற்களைச் சேர்த்து நினைவு வைக்க அது உதவும்.

இஷோவில் இரண்டு கன்ஜி, அதாவது சீன வழி எழுத்துகள். முதலாவது ‘கொரொமொ’, உடை. இரண்டாவது ‘யொஸோஉ’ என்ற வினையின் எழுத்து: ஒப்பனை செய்துகொள்வது, பூணுவது, தோற்றத்தை உண்டாக்குவது. இந்த இரண்டாவது எழுத்தின் கீழ்ப்பாதியில் கொரொமொவே உட்கார்ந்திருக்கும். மேல்பாதி ஒலியைக் காட்டுவது, ‘ஸோ’. அதனால்தான் பெரும்பாலான சொற்களில் அது ஸோ என்று வாசிக்கப்படுகிறது: ஃபுக்குஸோ, ஸேஸோ, ரேஸோ, வஸோ (ஜப்பானிய உடை), யோஸோ (மேற்கத்திய உடை), தன்ஸோ (ஆண் உடை தரித்தல்), ஜொஸோ (பெண் உடை தரித்தல்). ‘ஷோ’ என்று வாசிக்கும் சொற்கள் மிகச் சில. இஷோவும் ‘ஷோஸொக்கு’வும்தான் அடிக்கடி வருபவை. தேர்வில் இதைக் கேட்பார்கள். ‘இஸோ’ என்று விடை எழுதுபவர்கள் எப்போதும் உண்டு.

அதே எழுத்து உடையை விட்டு வெளியேயும் போகும். பொட்டலம் கட்டுவது ‘ஹோஸோ’, சாலைக்குத் தார் போடுவதும் ‘ஹொஸோ’ (இங்கே முதல் எழுத்து குறில்), ஆயுதம் தரிப்பது ‘புஸோ’, கருவி அல்லது சாதனம் ‘ஸோச்சி’. மேலே ஒன்றைப் போர்த்துவது, பொருத்துவது என்ற கருத்து எல்லாவற்றிலும் ஓடுகிறது.

எழுதும்போது வரும் பிழை ஒன்று. ரேஸோ, ரேஃபுக்கு இரண்டிலும் உள்ள ‘ரே’யின் இடப்பக்கத்தில் இருப்பது நான்கு கோட்டு உறுப்பு, அது பலிபீடம், வழிபாடு தொடர்பானது. ஸொதெ (கைப்பகுதி), ஹக்கம (மடிப்பு வைத்த கீழாடை), எரி (கழுத்துப்பட்டி) போன்ற உடைச் சொற்களில் வருவது ஐந்து கோட்டு உறுப்பு, கொரொமொவின் ஒடுங்கிய வடிவம். ‘உடை பற்றிய சொல்தானே’ என்று ரேஃபுக்குவின் ரேயில் ஐந்தாவது கோட்டைப் போட்டுவிடுவார்கள். அங்கே அந்த எழுத்துக்குப் பொருள் உடை அல்ல, மரியாதை, சடங்கு.

அரங்கம்
பழைய நூல்களிலும் கபுக்கி என்ற மரபு நாடகத்தின் நிகழ்ச்சி ஏடுகளிலும் இஷோவின் இரண்டாவது எழுத்து வேறாக இருக்கும். அது அச்சுப் பிழை அல்ல. அங்கே வருவது ‘மொ’ என்ற எழுத்து, இடுப்புக்குக் கீழே கட்டும் ஆடை. ஆகப் பழைய இஷோ = மேலாடையும் கீழாடையும். 1946-ல் வந்த 1,850 எழுத்துகள் கொண்ட, பொதுப் பயன்பாட்டுக்கு அரசு வகுத்த தோயோ கன்ஜிப் பட்டியலில் மொ இடம்பெறவில்லை. 1956-ல் இப்படி விடுபட்ட எழுத்துகளுக்கு ஒத்த ஒலியுள்ள வேறு எழுத்தைப் பரிந்துரைத்தார்கள், அப்போதுதான் இன்றைய வடிவம் நிலைத்தது. மேடைக்காரர்களும் மணவுடைக் கடைக்காரர்களும் பழைய வடிவத்தை விடவில்லை. கடைப் பலகையில் அது இருந்தால் கொஞ்சம் கம்பீரமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த ‘மொ’ என்ற உடையை இன்றும் பார்க்கலாம். 2019 அக்டோபர் 22 முடிசூட்டு நிகழ்வில் பேரரசி மஸாக்கொ அணிந்த பலடுக்கு உடையை எல்லோரும் ‘ஜூனிஹித்தொயெ’ என்கிறார்கள். அதன் முறையான பெயரின் கடைசிச் சொல்லே மொ. முன்பக்கத்தைச் சுற்றி வராமல், பின்னால் மட்டும் தோகை போல விழும் வெள்ளைப் பகுதி அது.

இன்னொன்று: நோ நாடகத்தில் யாரும் இஷோ என்று சொல்வதில்லை. அங்கே ‘ஷோஸொக்கு’. ஷிந்தோ பூசகர் உடையும் அரசவை உடையும் ஷோஸொக்குவே. கபுக்கி என்றால் இஷோ, நோ என்றால் ஷோஸொக்கு. நோ கலைஞரிடம் ‘உங்கள் இஷோ அழகாக இருக்கிறது’ என்றால் சண்டைக்கு வரமாட்டார், ஆனால் வெளியாள் என்று அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

நாலாங்கட்டை
ஒலி விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைக் கைநழுவ விடாதீர்கள். ‘இஷோ’ நெடில். ‘இஷொ’ என்று குறுக்கினால் அது மரண சாசனம், தற்கொலைக் குறிப்பு என்ற பொருளிலும் வரும் சொல். மணவுடைக் கடைக்குப் போய் ‘ஹனயொமெ-இஷொ’ கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒகர ஓகார வேறுபாடு நமக்கு எழுத்திலேயே இருக்கிறது. ரோமன் எழுத்தில் படித்து, நெடிலைக் காட்டும் மேற்கோட்டைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள்தான் இதில் விழுவார்கள்.

இஷோவுக்கு முதல் அசை உயர்ந்து பிறகு இறங்கும். ‘இ’ மேலே, ‘ஷோ’ கீழே.

‘ஸேஸோ’வில் வேறு கண்ணி. முறையுடை தரித்தலும் ஸேஸோ, பகட்டாக அலங்கரித்துக்கொள்வதும் ஸேஸோ, பெருக்கித் துடைப்பதும் ஸேஸோ. மூன்றுக்கும் ஒலி ஏற்ற இறக்கம்கூட ஒன்றுதான், சமதளமாகப் போகும். ‘ஸேஸோ ஷித்தெ குதஸை’ என்று தனியாகக் காதில் விழுந்தால் நல்ல உடை போட்டு வரச் சொன்னார்களா, விளக்குமாறு எடுக்கச் சொன்னார்களா என்று சூழலை வைத்துத்தான் தெரியும். எழுத்தில் குழப்பம் இல்லை, கன்ஜி வேறு வேறு.

கூடல்_வாசகி
முதல் இரண்டு ஸேஸோக்களுக்கும் வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா? முறையான உடை, பகட்டான உடை இரண்டும் ஒன்றாகத்தானே வரும்?

எழுத்தாணி
வராது. முதலாவது ஸேஸோவின் எழுத்து ‘சரியான’ என்பது: விதிப்படியான உடை. காவலர் சீருடை, பௌத்தத் துறவியின் காவி, பள்ளி மாணவனின் சீருடை எல்லாம் அவரவர்க்கு ஸேஸோ. ஜப்பானில் பள்ளி மாணவர்கள் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் சீருடையிலேயே போகலாம், அதுவே அவர்களுக்கு முழு முறையுடை. பகட்டு கொஞ்சமும் இல்லை.

இரண்டாவதின் எழுத்து ‘நிறைவான, செழிப்பான’ என்பது. விருந்துக்கு மின்னும் உடை, நகை, தலையலங்காரம் எல்லாம் அதில். விதிக்குள் நின்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துக்க வீட்டுக்கு முதல் ஸேஸோவில் போகலாம், இரண்டாவதில் போனால் பேச்சு வாங்க வேண்டும்.

‘ரேஸோ’ என்பது முதலாவதற்கு நெருங்கிய உறவு, ஆனால் சடங்கு சார்ந்தது: மணம், மரணம், பட்டமளிப்பு, அரச விழா. அந்த ரேஸோவுக்காகத் தைத்த உடைதான் ‘ரேஃபுக்கு’. ரேஸோ உடுத்தும் முறை, ரேஃபுக்கு கையில் பிடிக்கக்கூடிய துணி.

மடிப்பு
ரேஸோவில் மூன்று படிகள் இருக்கின்றன. அழைப்பிதழில் எது குறிப்பிடப்படுகிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது. ‘ஸேரேஸோ’ முழுமுறை, ‘ஜுன்ரேஸோ’ அடுத்த படி, ‘ர்யக்குரேஸோ’ சுருக்கமுறை.

ஆண்களுக்கு மேற்கத்திய உடையில் முழுமுறை என்றால் பகலில் மார்னிங் கோட், இரவில் வால் கோட். வால் கோட்டின் ஜப்பானியப் பெயர் ‘என்பிஃபுக்கு’, அதாவது தகைவிலான் வாலுடை. இரவில் டக்சீடோவும் பரவலாக உண்டு. ஜப்பானிய உடையில் முழுமுறை, ஐந்து குலச்சின்னம் பொறித்த கறுப்புக் கிமோனோ, அதன் மேல் ஹஒரி என்ற மேலங்கி, இடுப்பில் ஹக்கம. இந்தச் சின்னத்துக்கு ‘மொன்’ என்று பெயர். ஐந்தும் எங்கே என்றால்: முதுகு நடுவில் ஒன்று, இரு கைகளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்று, மார்பில் இரு பக்கமும் ஒவ்வொன்று. மூன்று மொன் என்றால் மார்பில் உள்ளவை போய்விடும். ஒரு மொன் என்றால் முதுகு மட்டும். எண்ணிக்கை கூடக் கூட உடையின் படி உயரும். ஆணின் மொன் ஏறக்குறைய 3.8 செ.மீ. குறுக்களவு, பெண்ணுடையது ஏறக்குறைய 2 செ.மீ. வாடகைக் கடையில் ஒட்டுச் சின்னம் போட்டுத் தருவார்கள். ஓரம் தூக்கியிருந்தால் புகைப்படத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

பெண்களுக்கு, மணமான உறவினர் என்றால் ‘குரொத்தொமெஸொதெ’, அதாவது கறுப்புத் தொமெஸொதெ: கறுப்புத் துணி, ஐந்து மொன், சித்திரம் இடுப்புக்குக் கீழே விளிம்பில் மட்டும். மணமக்களின் தாய்மார் உடுத்துவது இதுதான். எதிரே தந்தையர் மார்னிங் கோட்டில் நிற்பார்கள். அந்தக் கால்சட்டையின் அடிவிளிம்பு முன்னால் சற்றுக் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். சாதாரணக் கால்சட்டையைப் போல நேராக மடித்துத் தைத்துவிட்டால் வீண். மணமாகாத பெண்ணுக்கு ‘ஃபுரிஸொதெ’, நீண்டு தொங்கும் கையுள்ளது.

பொன்னி_தறி
நிறத் தொமெஸொதெயும் மணமானவர்களுக்கு மட்டும்தானே? அப்படியானால் மணமாகாத முப்பது வயதுப் பெண் ஃபுரிஸொதெ தவிர வேறு எதை முழுமுறையாக உடுத்துவது?

மடிப்பு
இல்லை, கறுப்புக்கு மட்டும்தான் அந்தக் கட்டு. நிறத் தொமெஸொதெ மணமாகாதவர்களும் உடுத்தலாம். ஐந்து மொன் போட்டால் முழுமுறை, மூன்றோ ஒன்றோ போட்டால் அடுத்த படிக்கு இறங்கும். ‘ஹோமொங்கி’ ஜுன்ரேஸோவில் வரும்: தையல் கோட்டைத் தாண்டி, மேலிருந்து கீழ்வரை சித்திரம் ஒரே தொடர்ச்சியாகப் போகும். ஒரே நிற ‘இரொமுஜி’யில் ஒரு மொன் பொறித்தால் சுருக்கமுறைக்கு ஏறிவிடும், மொன் இல்லாவிட்டால் வெளியே போட்டுப் போகும் உடை. துணி அதேதான், சின்னம் ஒன்றுதான் படியை மாற்றுகிறது.

காலமும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்த ‘அவஸெ’, ஜூனிலும் செப்டம்பரிலும் ஒற்றைத்துணி ‘ஹித்தொயெ’, ஜூலை ஆகஸ்டில் மெல்லிய ‘உஸுமொனொ’. ஜூன் 1, அக்டோபர் 1 இரண்டும் உடை மாற்றும் நாட்கள், ‘கொரொமொகயெ’. வெயில் கூடிப்போனதால் அன்றாட உடுப்பில் இதை இப்போது பலரும் தளர்த்திவிட்டார்கள். (மேலே வந்த இஷோ-அவஸெயின் அவஸெ வேறு, இது வேறு. ஒலி மட்டும் ஒன்று.)

கடைசியாக, எந்தப் படியானாலும் தவறக்கூடாதது: உடுத்தியவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். அதற்குப் பெயர் ‘மிகி-மயெ’. மாற்றி வலப்பக்கம் மேலே வந்தால் ‘ஹிதரி-மயெ’, இறந்தவருக்கு உடுத்தும் முறை. மிகி என்றால் வலது, ஆனால் மேலே இருப்பது இடது. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மயெ என்பதை இங்கே ‘முதலில் உடம்பை ஒட்டி வருவது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கு 719-ல் அரசாணையாகவே வந்தது. செல்ஃபியில் கண்ணாடி போல் இடவலம் மாறித் தெரியலாம், அதைப் பார்த்துச் சரிபார்க்காதீர்கள்.

வடகரை
இவ்வளவும் சரி. அழைப்பிதழில் ‘ஹேஃபுக்கு தெ ஒக்கொஷி குதஸை’, ஹேஃபுக்குவில் வாருங்கள் என்று போட்டால்? அகராதியில் ஹேஃபுக்கு = அன்றாட உடை. அப்படியானால் ஜீன்ஸ் போதும்தானே?

எழுத்தாணி
போதாது. பலர் சறுக்குவது இந்தச் சொல்லில்தான். அழைப்பிதழில் ஹேஃபுக்கு என்றால் ‘முழுமுறை வேண்டாம், சுருக்கமுறை போதும்’ என்று பொருள். ஆணுக்கு அடர்நிற சூட், டை. பெண்ணுக்கு அடக்கமான ஒரே உடுப்பு, அல்லது இரொமுஜி போல ஒன்று. சொல்லும் அகராதியும் சொல்வது ‘அன்றாட உடை’, வழக்கு சொல்வது ர்யக்குரேஸோ. உண்மையிலேயே எதுவும் பரவாயில்லை என்றால் ‘ஃபுதன்கி’ என்றோ ‘ரஃபுன ஃபுக்குஸோ’ என்றோ எழுதுவார்கள்.

நிறுவன நேர்காணல் அறிவிப்பில் ‘ஃபுக்குஸோ ஜியூ’, உடை உங்கள் விருப்பம் என்று இருந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். சட்டையும் ஜாக்கெட்டும் என்ற அளவுக்கு இறங்கலாம், டீ-ஷர்ட் வரை அல்ல.

பொன்னி_தறி
கறுப்பைப் பற்றி நான் சேர்க்கிறேன். ‘கறுப்பு சூட் ஒன்று இருக்கிறது, அதுவே ரேஃபுக்கு’ என்று நினைத்துப் போனால் துக்க வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். ரேஃபுக்குக்கென்று சாயம் ஏற்றும் கறுப்பு மிக ஆழமானது, ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆபீஸ் கறுப்பு பக்கத்தில் வந்தால் சாம்பலாகத் தெரியும். கடையின் மஞ்சள் விளக்கில் இந்த வேறுபாடு பிடிபடாது. இரண்டையும் சன்னலோரம் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

தையலிலும் வேறுபாடு உண்டு. ரேஃபுக்கு ஜாக்கெட்டின் பின்புறம் வெட்டுப் பிளவு இருக்காது. கால்சட்டை அடியில் வெளிமடிப்பு இருக்காது. இடுப்பில் பெரும்பாலும் அளவைத் தளர்த்தும் பட்டை வைத்திருப்பார்கள். எடை ஏறினாலும் பல ஆண்டுகளுக்கு ஒரே உடுப்பு ஓட வேண்டுமே!

ஒரே கறுப்பு ரேஃபுக்கு மணத்துக்கும் மரணத்துக்கும் ஆணுக்குப் பயன்படும், டை மட்டும் மாறும்: மணத்துக்கு வெள்ளை அல்லது வெள்ளி, மரணத்துக்குக் கறுப்பு. பெண்ணின் நிலை வேறு. துக்கத்துக்கான உடை ‘மொஃபுக்கு’ தனி. கிமோனோ என்றால் சித்திரமே இல்லாத கறுப்பு, ஐந்து மொன், கறுப்பு ஒபி (இடுப்புப் பட்டை), கறுப்பு ஒபிஜிமெ (அதன் மேல் கட்டும் கயிறு). உள்ளே நீளாடையும் தபி என்ற காலுறையும் மட்டும் வெள்ளை. முத்துமாலை ஒற்றைச் சரமாக இருக்க வேண்டும். இரட்டைச் சரம் என்றால் துயரம் இரட்டிக்கும் என்று ஒதுக்குகிறார்கள். மின்னும் தோல், பெரிய உலோகக் கொக்கி இரண்டும் கூடாது.

மொஃபுக்குவின் ‘மொ’ துக்கம். அரங்கம் மேலே சொன்ன ‘மொ’ கீழாடை. ஒலி ஒன்று, கன்ஜி வேறு, இரண்டுமே உடை பற்றிய பேச்சில் வரும்.

கூடல்_வாசகி
கட்டபொம்மன் கேள்வி அப்படியே நிற்கிறது. அது கஸோவா, ஹென்ஸோவா, கொஸுப்புரெயா?

எழுத்தாணி
இதில் நமக்குத் தமிழே இடறும். ‘மாறுவேடப் போட்டி’ என்கிறோம், ‘திருடன் மாறுவேடத்தில் தப்பினான்’ என்றும் சொல்கிறோம். ஜப்பானியத்தில் முதலாவது கஸோ, இரண்டாவது ஹென்ஸோ. ஹென்ஸோவின் நோக்கம் தன்னை யாரென்று தெரியாமல் செய்வது. கஸோவின் நோக்கம் வேறொன்றாகத் தெரிவது, தான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். கஸோவின் முதல் எழுத்து ‘தற்காலிகமான, போலியான’ என்பது. அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்குப் போட்டுக்கொண்டு வருவது கஸோ.

கொஸுப்புரெ என்றால் குறிப்பிட்ட ஒரு கற்பனைப் பாத்திரத்தை, பெரும்பாலும் அனிமே, மங்கா, விளையாட்டுப் பாத்திரத்தை அப்படியே கொண்டுவருவது. பேய் வேடம் பொதுவானது, ஆகவே கஸோ. இன்ன தொடரின் இன்ன பேய் என்றால் கொஸுப்புரெ.

ஆகக் குழந்தை மாறுவேடப் போட்டியில் நின்றால் செயல் கஸோ. நாடகத்தில் கட்டபொம்மனாக நடித்தால் கஸோவும் அல்ல, கொஸுப்புரெயும் அல்ல, வெறும் நடிப்பு. இரண்டு இடத்திலும் போட்டிருக்கும் உடை, தலைப்பாகை, வாள் உறை எல்லாம் சேர்ந்தது இஷோ. கொஸுப்புரெக்காரர்களும் தாங்கள் தைக்கும் உடையை இஷோ என்றுதான் சொல்கிறார்கள். ‘இந்த இஷோவை எங்கே வாங்கினீர்கள்’ என்ற கேள்வி அந்த நிகழ்வுகளில் ஓயாமல் கேட்கும்.

அரங்கம்
கபுக்கியில் இஷோ எவ்வளவு ‘கருவி’ என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ‘ஹிக்கினுக்கி’ என்று மேடையிலேயே நொடியில் உடை மாறும் உத்தி இருக்கிறது. மேலுடையைத் தோள், கை, இடுப்பு ஓரங்களில் தடித்த நூலால் பெருந்தையல் போட்டு, நூல் முனைகளில் சிறு உருண்டைகளை வைத்துவிடுவார்கள். நடிகர் ஆடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குந்தியிருக்கும் உதவியாளர் ஒவ்வோர் உருண்டையாகப் பிடித்து நூலை உருவுவார். கடைசி நூல் வந்ததும் மேலுடை பிரிந்து அவர் கையோடு போய்விடும், உள்ளே இருந்த நிறம் வெளியே வரும். உருவும் வரிசை பிசகினாலோ ஒரு நூல் விடுபட்டாலோ துணி பாதியில் மாட்டிக்கொண்டு தொங்கும். நடிகரும் உதவியாளரும் தாளத்தை எண்ணி ஒத்திகை பார்ப்பது இதற்காகத்தான். இந்த உடையை ‘ஃபுக்கு’ என்று அழைத்துப் பாருங்கள், சொல் எவ்வளவு மெலிந்து போகிறது என்று தெரியும்.

வடகரை
‘மின்ஸொக்கு-இஷோ’ எனக்கு உறுத்துகிறது. சேலை நம்மூரில் மீன் வாங்கப் போகும்போதும் கட்டுவது. அதை இஷோ என்றால் எழுத்தாணி சொன்ன கணக்குப்படி அது ஒரு வேடம் ஆகிவிடாதா?

எழுத்தாணி
உறுத்தல் நியாயம்தான். மின்ஸொக்கு-இஷோ வெளியிலிருந்து பார்ப்பவர் சொல். ஜப்பானியர்கள் தங்கள் கிமோனோவையும் பிற நாட்டவருக்கு விளக்கும்போது அப்படிச் சொல்வார்கள், வீட்டில் பாட்டி உடுத்தியிருந்தால் சொல்லமாட்டார்கள். மொழிபெயர்க்கும்போது நான் பரிந்துரைப்பது: நாட்டியக் கலைஞரின் உடை, விழா மேடையில் சேலை என்றால் இஷோவும் மின்ஸொக்கு-இஷோவும் சரி. சந்தைக்குக் கட்டிப் போகும் பருத்திச் சேலையை ‘ஸரீ’ என்று மட்டும் எழுதுங்கள், அல்லது ‘ஃபுதன்கி நொ ஸரீ’. கல்யாணத்துக்குக் கட்டும் காஞ்சிபுரம் பட்டு என்றால் ‘ஸேஸோ நொ ஸரீ’ என்றோ ‘ஹரெகி’ என்றோ போகலாம். ஹரெகி என்பது நல்ல நாளுக்கு எடுத்து உடுத்துவது. ஷிச்சி-கொ-ஸன் விழாவில் 3, 5, 7 வயதுக் குழந்தைகள் போடுவதும், ஜனவரி இரண்டாம் திங்கள் கிழமை, இளைஞர்கள் பெரியவர்கள் ஆவதைக் கொண்டாடும் நாளில் இளம்பெண்கள் போடும் ஃபுரிஸொதெயும் ஹரெகியே. நம் ‘தீபாவளிப் புதுசு’க்கு ஜப்பானியத்தில் இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

குறிப்பேடு
எழுத்தாணியின் ‘பாத்திரத்துக்கான உடை’ என்ற விதியை முழுக்கப் பிடித்துக்கொண்டால் சில கூட்டுச்சொற்கள் கையைக் கடிக்கும். ‘இஷோ-கேஸு’ என்றால் துணி மடித்து வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பனியன் இருந்தாலும் பெயர் அதுதான். ‘இஷோ-மொச்சி’ என்றால் நிறையத் துணிமணி வைத்திருப்பவர். இவற்றில் இஷோ பழைய பொதுப்பொருளிலேயே, வெறும் உடை என்ற அளவில் நின்றுவிட்டது. புதிதாக ஒரு கூட்டுச்சொல்லை நீங்களாக உண்டாக்கும்போது இந்தப் பொருளை நம்ப வேண்டாம்.

பழமொழியும் உண்டு: ‘மகொ நி மொ இஷோ’. நம் ‘ஆள் பாதி ஆடை பாதி’ போலத்தான், ஆனால் கூர்மை அதிகம். மகொ என்பது பொதிக்குதிரை ஓட்டுபவன். அவனுக்கும் நல்ல உடை போட்டால் பார்க்கத் தேறும் என்பது பொருள். பேரன் என்ற சொல்லும் மகொ என்பதால், ‘பேரனுக்கும் நல்ல உடை’ என்று பாராட்டாகப் புரிந்துகொள்பவர்கள் ஜப்பானியரிலேயே இருக்கிறார்கள். பிறர் வீட்டு மணமகனைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள், அவமதிப்பு. தன் பிள்ளையைப் பாராட்டும்போது அடக்கமாகப் பெற்றோர் சொல்லலாம், நெருங்கிய நண்பனைக் கேலி செய்யலாம்.

கணினியில் தட்டும்போது ஒன்று: ‘இஷோ’ என்று அடித்தால் வடிவமைப்பு என்ற பொருள் தரும் இன்னொரு இஷோவும் மாற்றுப் பட்டியலில் வரும். அது அறிவுசார் சொத்துச் சட்டத்தில் புழங்கும் சொல். அவசரத்தில் ‘மணமகள் வடிவமைப்பு’ என்று மின்னஞ்சல் போய்விடும்.

கூடல்_வாசகி
கடைசியாக ஒன்று. மணமண்டப ஒப்பந்தத்தில் ‘ஒ-இஷோ மொச்சிக்கொமி-ர்யோ’ என்று ஒரு வரி. மொச்சிக்கொமி என்றால் கொண்டுவருதல். உடை கொண்டுவரக் காசா?

மடிப்பு
ஆம். மண்டபத்தோடு தொடர்புள்ள கஷி-இஷோ கடையில் எடுக்காமல் வெளியிலிருந்து மணவுடை கொண்டுவந்தால் வாங்கும் கட்டணம். மணமகன், மணமகள் உடைக்குத் தனித்தனியாகவும், ஒவ்வோர் உடைக்கும் தனியாகவும் கணக்கிடுவது உண்டு. நடுவில் உடை மாற்றி வரும் ‘ஒ-இரொ-நஒஷி’ வைத்தால் இரண்டாவது உடைக்கும் சேர்ந்துவிடும். ‘ஒ-’ என்பது மரியாதை முன்னொட்டு. சீன வழிச் சொல்லுக்குப் பெரும்பாலும் ‘கொ-’தான் வரும், ஆனால் மணத்தொழிலில் ‘ஒ-இஷோ’ என்பதே காதில் விழும். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: கட்டணம் ஆளுக்கா, உடைக்கா, செருப்பு, தலையணி, ஒபி போன்ற துணைப்பொருளும் கணக்கில் வருமா, முதல்நாளே உடையை அங்கே வைத்துப் பாதுகாக்கத் தனிக் காசு உண்டா. ஒப்பந்தத்துக்கு முன் கேட்டால் தள்ளுபடி செய்யும் மண்டபங்கள் உண்டு, பிறகு கேட்டால் பெரும்பாலும் அசையமாட்டார்கள்.